முகம் தெரியாத மேடை

ஐப்பசி மாதம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானம். இரவு ஏழரை மணி இருக்கும். நான்கு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள், அதுதான் மேடை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ட்யூப்லைட். நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது வருகிறதே என்று நினைப்பதற்குள் வந்து மூடிவிடும். முதலில் பின்னால் நின்றவர்கள் மறைந்தார்கள். அப்புறம் முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள். கடைசியில் என் பக்கத்தில் நின்று நடித்தவரின் சட்டை நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அது 1994. எனக்கு 20 வயது.

அந்த நாடகத்தில் எனக்கு அம்மா வேடம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வந்து அடுப்படியில் உட்காரும் அம்மா. அந்த இடத்தில் வசனம் கிடையாது. ஒன்றரை நிமிடம் முகம்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பழகிய முகம். இப்போது அதைப் பார்க்க யாரும் இல்லை. ஆட்கள் இருந்தார்கள்தான். இருமல் கேட்டது, ஒரு குழந்தை சிணுங்கியது கேட்டது. ஆனால் ஒருவர் கண்ணிலும் நான் படவில்லை.

அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்தேன். "கவாத்துக் குச்சி ஈரம், பத்த மாட்டேங்குது" என்றேன். அது யாரும் எழுதி வைத்த வசனம் இல்லை. "நேத்து வரைக்கும் அவதான் ஊதிக் குடுப்பா. ஊதிக்கிட்டே வாய்ப்பாடு சொல்லுவா. ஏழாம் வாய்ப்பாட்டுல ஒரு எடத்துல நின்னுருவா..." அப்படியே போனது. பனிக்குள்ளிருந்து யாரோ "உம்" என்றார்கள். கதை கேட்கும்போது கொட்டுவோமே, அந்த உம். இன்னொரு பக்கமிருந்து இன்னொன்று வந்தது. நான் விட்டு விட்டுப் பேசினேன், அவர்கள் இடைவெளியில் உம் கொட்டினார்கள். ஒன்றரை நிமிடக் காட்சி ஏழெட்டு நிமிடம் ஓடியது.

முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் மூஞ்சியப் பாக்கவே இல்ல புள்ள. ஆனா அது யாருன்னு தெரிஞ்சுச்சு" என்றார்.

30 வருடத்துக்கு மேல் மேடையில் இருக்கிறேன். சிலர் என்னை நாடக நடிகை என்கிறார்கள், சிலர் கவிஞர் என்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நான் செய்வதை ஸ்போக்கன் வேர்ட் என்கிறார்கள். எனக்கு இவையெல்லாம் அந்த ராத்திரி ஒன்றாகத் தொடங்கியவை. அந்த ராத்திரிக்கு முன்னால் என் வீட்டில் தொடங்கியதும் ஒன்று இருக்கிறது.

என் அம்மாயி, அம்மாவின் அம்மா, இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில்தான் எங்கள் குடும்பமும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தது. எங்களைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு டேன்டீ என்று சொல்கிறோமே, அது. நான் கைக்குழந்தையாக வந்தவள், கடல் எனக்கு நினைவில் இல்லை. அம்மாயியின் பேச்சில் இருந்த கண்டிச்சீமைதான் எனக்குத் தெரிந்த இலங்கை. லயம் என்கிற வரிசை வீடுகள், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம், விடியற்காலையில் ஆட்களை எழுப்புகிற தப்புப் பறை, மாசி மாதத்துக் காமன் கூத்து.

காமன் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோன கூத்து அது. மாசியில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோவான். ரதி அழுவாள். ஆடுகிற இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து உட்கார்ந்து விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். பாட்டால் கேள்வி கேட்டு, பாட்டால் பதில் சொல்லி, எதிராளியை மடக்குவது. மேடையில் வாய்ச்சொல்லாகவே கவிதையை நிகழ்த்துவது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுசு என்று யாராவது சொன்னால் நான் முதலில் லாவணியைத்தான் எடுத்துச் சொல்வேன்.

ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டுவார். அம்மாயியின் தோட்டத்தில் ரதி கட்டியவர் பேக்டரியில் வேலை செய்த உயரமான ஆளாம். அழுகைப் பாட்டில் வருடா வருடம் ஒரே இடத்தில் அவருக்கு அடி மறந்துபோகும். கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாயி அந்த அடியைச் சத்தமாக எடுத்துக் கொடுப்பார். ரதி அதை வாங்கிக்கொண்டு மேலே போவார். "நீயே ஆடியிருக்கலாமே அம்மாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "பொம்பள எப்புடி ஆடுறது? பாட்டுதான் எனக்குத் தெரியுமே, போதாதா" என்றார். அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

இழவு வீட்டில் முதல் ஒப்பாரி அம்மாயியுடையதுதான். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். போனதும் உட்கார மாட்டார். இறந்தவரின் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். குடையோ, வெற்றிலைப் பையோ, ஆணியில் தொங்குகிற கம்பளிச் சட்டையோ, ஏதாவது ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதிலிருந்து பாட்டைத் தொடங்குவார். "செத்தவங்களப் பத்தி எடுத்த எடுப்புல பாடக்கூடாது புள்ள. அவங்க வச்சுட்டுப் போன சாமானப் பத்திப் பாடு" என்பார். பிற்காலத்தில் எத்தனையோ பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். கவிதையை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே படகர்கள் என்ற மலைமக்களின் ஊர், ஹட்டி என்பார்கள். அங்கே ஒரு சாவு என்றால் நாங்கள் வேலியோரம் நின்று கேட்போம். ஒரு பெரியவர் இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொன்றுக்கும் கூடி நிற்பவர்கள் ஒரே குரலில் பதில் கொடுப்பார்கள். மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் ஒரு ஆள் சொல்வதும் ஊரே பதில் சொல்வதுமாக அந்தச் சத்தம் மலையில் ஏறி இறங்குவது காதிலேயே தங்கிவிட்டது.

மேடைக்கு வந்தது அறிவொளி இயக்கத்தால். தொண்ணூறுகளில் எழுத்தறிவுக்காக ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். வீதி நாடகத்துக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பத்தாவது முடித்துவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சேர்த்துவிட்டார். அப்பா வேண்டாம் என்றார். அம்மாயி போகட்டும் என்றார். அவ்வளவுதான் நடந்தது.

வீதி நாடகத்தில் எங்களிடம் இருந்த ஒரே ஒப்பனைப் பொருள் ஒரு துண்டு. தலையில் சும்மாடாகச் சுற்றினால் கொழுந்துக்காரி. தோளில் போட்டால் கங்காணி. சுருட்டி இடுக்கினால் குழந்தை. இடுப்பில் இறுக்கினால் போலீஸ். முக்கால் மணி நேரத்தில் ஐந்தாறு வேடம் மாற வேண்டும், மாறும்போது திரும்பி நிற்கக்கூடாது, ஏனென்றால் நாலு பக்கமும் ஜனம். நடையை மாற்று, குரலை மாற்று என்பார்கள். குரலில் வயதை எப்படி ஏற்றுவது, பசியை எப்படி வைப்பது என்று அந்த இரண்டு வருடத்தில்தான் கற்றேன். பல வேடம் கட்டத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி இன்றைக்கு யாராவது சொன்னால் அந்தத் துண்டுதான் என் நினைவுக்கு வரும்.

அப்புறம் ஸ்பெஷல் நாடகம். ஒரு சித்திரையில் இங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' போட மதுரைப் பக்கத்திலிருந்து நடிகர்கள் வந்திருந்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. நாயகன் வேடம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேடம் கட்டுகிற ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊர். ஒத்திகையும் கிடையாது. இரவு பத்து மணி வாக்கில் மேடையில் சந்தித்து, ஆர்மோனியக்காரர் சுருதி கொடுக்க, விடியும்வரை பாட்டும் தர்க்கமுமாகக் கொண்டுபோவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டு எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதால்தான் இது நடக்கிறது. அவர் 1922-இல் காலமானவர். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த நாடகங்கள் முன்பின் அறியாத இரண்டு பேரை ஒரே மேடையில் பேச வைக்கின்றன.

அன்றைக்கு வள்ளியாக வந்த அக்காவுக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. கோத்தகிரியே 1,800 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமவெளியில் ஒரே மூச்சில் பாடுகிற அடி இங்கே பாதியில் இழுத்தது. நான் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதிமதுரம் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அவர் யோசித்தார். பிறகு மேடை ஏறி, ஒவ்வொரு அடியையும் இரண்டாக உடைத்து, உடைத்த இடத்தில் கண்ணைச் சுழற்றி ஒரு சிரிப்பு வைத்தார். மூச்சு வாங்குவதற்காக வைத்த இடம், வள்ளி முருகனைச் சீண்டுகிற இடமாக ஆகிவிட்டது. நான் பக்கவாட்டில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். விடிந்ததும் அவரோடு போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

இரண்டு சீசன் போனேன். தோழி வேடம், சில நாள் இரண்டாவது ஸ்திரீபார்ட். கலையைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் அது. ஆனால் நாடகக்காரி என்ற சொல்லின் எடையும் அங்கேதான் தெரிந்தது. அரிதாரத்தை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். வாடகைக்கு வீடு கேட்டால் என்ன வேலை என்ற கேள்விக்கு அக்கா தையல் என்று சொல்வார். ஒருநாள் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கிறது என்று வேறு வண்டியும் போகவில்லை. விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். காலையில் எங்கள் லைனில் அது வேறு கதையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. உறவில் ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதை நிறுத்தியது. அம்மா பல நாள் பேசவில்லை. அந்த வயதில் அது எப்படி வலித்தது என்று இப்போது எழுதும்போதும் கை நிற்கிறது.

அக்கா தன் ட்ரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் கே.பி. சுந்தராம்பாள் படம் ஒட்டி வைத்திருந்தார். நெற்றி நிறைய விபூதியும் வெள்ளைச் சேலையுமாக. 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆள்வரை குரலைக் கொண்டுபோனவர். 1926-இல் கொழும்பில் நாடகத்துக்குப் போனபோதுதான் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவரும் மேடையில் இணைந்தார்கள். பிறகு கணவன் மனைவியானார்கள். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். ஒரு நடிகை இப்படி முடிவெடுத்தால் அதோடு அவர் தொழில் போயிற்று என்றுதான் நினைப்போம். அவர் 1935-இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் சினிமாவுக்கு வந்தார். 1953-இல் ஔவையாரானார். காதலி வேடங்களையெல்லாம் தானே மூடிவிட்ட பிறகு, அடியாரும் கிழவியும் தூது போகிறவளுமாக அவர் திறந்த வழி எனக்கு இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது. முகத்தைவிடக் குரலை நம்பியவர் அவர் என்று நினைக்கிறேன்.

மீனாட்சி அம்மாளைப் பற்றி மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. கூட்டங்களில் முதலில் அவர் பாடுவாராம். தொழிலாளர் நிலைமையைத் தானே பாட்டாகக் கட்டி, மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடி, 1940-இல் சிறு நூலாகவும் அச்சிட்டிருக்கிறார். ஒரு பெண், மேடையில், தன் சொந்தச் சொல்லை, எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரம் பேருக்குக் குரலாலேயே கொடுத்திருக்கிறார். அம்மாயி அப்போது சின்னப் பெண். அவர் காதில் அந்தப் பாட்டு விழுந்ததா என்று கேட்டிருக்கலாம். நான் படித்தபோது அம்மாயி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

கவிதை எழுதத் தொடங்கியபோது கவியரங்கங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஏழு ஆண்கள், ஒரு பெண். தலைப்பில் தாய் என்றோ பூ என்றோ வந்தால் அது எனக்கு. ஒரு ஊரில் தலைமை தாங்கியவர் என் கவிதையை விட்டுவிட்டு என் சேலை நிறத்தைப் பாராட்டி நாலு வரி பாடினார். கூட்டம் கை தட்டியது. நான் என் கவிதையைச் சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி மேடைகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் போனேன். மைக் இல்லாமல், வட்டமாக உட்கார்ந்து.

அங்கே நான் அதிகம் சொன்னது கொழுந்து நிறுக்கிற கவிதை. இளவயதில் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் எடையில் கழிப்பார்கள், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று. அதை அப்படியே கட்டினேன்.

இருபத்தி மூணு.
தண்ணிக்கு ரெண்டு.
சாக்குக்கு ஒண்ணு.
ஆக இருபது.
அட்டை குடிச்ச ரத்தம்
யாரு எடையில வரும்?
குளிருல செத்த விரலு
யாரு எடையில வரும்?
தராசுக்காரரே,
இன்னொருக்க நிறுங்க.

முதல் தடவை சொன்னபோது "யாரு எடையில வரும்" என்ற இடத்தில் ஒரு அம்மா "எங் கருப்ப எறக்கம்?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். கருப்பை இறங்குவது முதுகில் சுமை ஏற்றி மேட்டில் ஏறுகிற பெண்களுக்கு வருகிற நோவு. அதை அவர்கள் புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. அன்றைக்கு எல்லார் நடுவிலும் சொன்னார். அடுத்தவர் முட்டிவலி என்றார். அப்புறம் நான் எங்கே அந்தக் கவிதையைச் சொன்னாலும் அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருப்பேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வரி சேரும். எழுதி வைத்தால் இருபது பக்கம் வரும். எழுதி வைக்கவில்லை. அது அவர்கள் சொல்ல வேண்டிய வரி.

ஔவையிடம் வந்தது இன்குலாப் எழுதிய 'ஔவை' நாடகத்தால். அ. மங்கை இயக்கியது. திரையில் பார்த்துப் பழகிய கிழவி அதில் இல்லை. யாழும் கள்ளும் நடையுமாக ஊர் சுற்றுகிற இளம் விறலி இருந்தாள். சங்கப் பெண்பாற் புலவர்களில் அதிகமாகப் பாடியவர் ஔவை, 59 பாட்டு. பாடினார் என்றுதான் சொல்கிறோம். எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை.

குறுந்தொகையின் 28-ஆம் பாட்டு ஔவையுடையது, அதை நான் பல வருடமாக நிகழ்த்துகிறேன். ஐந்தே அடி. காதல் நோயில் தூங்காமல் கிடக்கும் பெண் முட்டட்டுமா, தாக்கட்டுமா, கூவட்டுமா என்று கேட்கிறாள். ஊர் தூங்குகிறது. மூன்றாவது அடி 'ஆஅ ஒல்லென' என்று தொடங்கும். அளபெடையைப் பள்ளியில் இலக்கணக் குறிப்பாகப் படித்தேன். மேடையில் சொல்லிப் பார்த்தபோதுதான் அந்தச் சின்ன 'அ' மூச்சுக்கான இடம் என்று புரிந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தி இங்கே வாயைத் திற, இவ்வளவு நேரம் திறந்து வை என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் அந்த ஆஅ-வை ஒப்பாரியின் இழுப்பில் எடுப்பேன். அம்மாயியின் தொண்டை அதுதான். எடுத்து முடித்ததும் 'துஞ்சும் ஊர்க்கே' என்பதை மெல்ல, பேச்சாகச் சொல்வேன். விளக்கை அணைத்துவிடச் சொல்வேன். இருட்டில் யாராவது ஒருவர் உம் என்பார். எல்லா இடத்திலும் இல்லை. சென்னையில் ஒருமுறை யாரும் சொல்லவில்லை, அந்த அமைதியும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாயி இறந்த அன்று என்னைப் பாடச் சொன்னார்கள். நாடகக்காரி பேத்தி பாடட்டும் என்றார்கள், இந்த முறை அந்தச் சொல்லில் குத்தல் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கம்பளிச் சட்டை ஆணியில் தொங்கியது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. அடுத்த லைனிலிருந்து வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்தார். சட்டையையும் பார்த்தார். முதல் அடியை அவர் எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் லைன் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். பதினொன்றாவது படிக்கிற ஒரு பெண், குரல் கொஞ்சம் கரகரப்பு, மூச்சு நல்ல நீளம். போன மாதம் வந்து, "அத்தை, இந்த மாசிக்கு ரதி நான் கட்டட்டுமா?" என்று கேட்டாள். இங்கேயும் சிறிய அளவில் கூத்து நடக்கிறது. ரதி கட்டுகிற அண்ணனுக்கு முட்டி போய்விட்டது. அவர் சரி என்று சொல்லிவிட்டார். கோவில் பெரியவர்கள் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை போய்ப் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும். தப்பு அடிக்கிறவர் அவளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். அழுகைப் பாட்டை நான் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாயியின் தோட்டத்து ரதி மறக்கிற இடம் வரும்போது நேற்று அவள் நிறுத்தாமல் தாண்டிப் போனாள்.